வெள்ளைக்காரச் சூசையரின் நாக்கு

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்து சூசைப்பிள்ளை வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளைக்காரச் சூசையர் என்று கேட்க வேண்டும். ஆள் நல்ல கறுவல். உயரமும் இல்லை, பூனைக் கண்ணும் இல்லை. அந்தப் பெயர் அவருடைய வாயால் வந்தது.

அவருக்கு ர, ற வராது. ல, ள, ழ மூன்றும் வராது. இத்தனைக்கும் சேர்த்து ஒரு ‘ய’ வைத்திருந்தார். ட என்பது த ஆகும், ண என்பது ந ஆகும். மழை பெய்தால் ‘மயை’ என்பார். திருகோணமலைப் பட்டணத்துக்குப் போய்வந்தால் ‘தியுகோநமயைக்குப் போனனான்’ என்பார். தன் பெயரைச் சொல்லும்போது மட்டும் ‘சூசை’யோடு நிறுத்திவிடுவார். அந்தப் பின்பாதியை அவருடைய உச்சரிப்பில் நாலு பேர் முன்னால் சொல்ல ஏலாது.

வேறு ஆளென்றால் வாய்திறக்கவே வெட்கப்பட்டிருப்பார். சூசையருக்கு அது பெருமையாகப் போனதற்குக் காரணம் டொக்யாட், கடற்படையின் கப்பல் பட்டறை. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே களஞ்சியத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை அவருக்கு. ஒருநாள் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் டெலிபோன் அடித்தது. எடுத்துக் கதைத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த இஞ்சினியர் துரை, களஞ்சியத்துக்குப் புதிதாக ஓர் இங்கிலாந்துக்காரன் வந்துவிட்டான் என்று நினைத்து ஆளைப் பார்க்க நேரில் வந்தார். இங்கிலாந்துக்காரர் சொல்லின் கடைசியில் வருகிற ‘ர்’ஐ விழுங்கிவிடுவார்கள். சூசையருக்கு அது தொண்டையிலேயே கிடையாது. டெலிபோன் கம்பிக்குள் இரண்டும் ஒன்றாகக் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து டெலிபோன் மேசை அவருக்கே. கடற்படைக்காரர் கப்பலேறிப் போகும் வரைக்கும் அந்தக் கதிரையை விட்டு அவரை யாரும் எழுப்பவில்லை.

இவ்வளவு நல்ல ஆங்கிலம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவரே யோசித்து ஒரு கதையும் கட்டி வைத்திருந்தார். கோட்டையில் இருந்த ஓர் ஒல்லாந்தப் படைக் கப்பித்தானின் இரத்தம் அவர்களுடைய வம்சத்தில் ஓடுகிறதாம். அவருடைய தகப்பனும் அப்படித்தான் கதைத்தவர், தகப்பனின் தகப்பனும் அப்படித்தான். “இது எங்கத பயம்பயைக் கதை” என்பார். பரம்பரை என்று சொல்ல வந்தவர். கேட்கிறவர்களுக்கு ஏதோ பயம் என்று மட்டும் விளங்கும்.

அவருடைய கலியாணத்தில் பங்குச் சுவாமியார் பெண்ணின் பெயரைச் சொல்லச் சொன்னார். பெண்ணின் பெயர் இன்பமலர். சூசையர் நெஞ்சை நிமிர்த்தி “இன்பமயய்” என்றார். சுவாமியாருக்கு ‘இன்பமயம்’ என்று கேட்டது. “சந்தோஷம், மகன். இப்ப பேரைச் சொல்லும்” என்றாராம். அதற்குப் பிறகு சூசையர் மனைவியைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “இஞ்சேய்” என்றால் இன்பமலர் வந்துவிடுவார்.

அவர்களுக்கு ஒரே மகன் ஹெக்டர். பட்டணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அவனும் பரம்பரைக் கதைதான் கதைப்பான். ஆனால் அதிகம் கதைக்கமாட்டான் என்பதால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. அவனுக்குப் பாலையூற்றில் இருந்து சீலாவைக் கட்டிக் கொண்டுவந்தார்கள். வந்த முதல் நாள் காலையில் மாமனார் வாசலில் நின்று “சீ… யா!” என்று கூப்பிட, பெண் குசினிக்குள் ஓடிப்போய் அடுப்படியில் நின்று அழுதாள்.

“மாமி, வந்த முதல் நாளே மாமா என்னைச் சீ எண்டுறார். நான் என்ன பிழை விட்டனான்?”

“பிழை உன்ர பேரில, பிள்ளை,” என்றார் இன்பமலர். “தேத்தண்ணி கேக்கிறார். கொண்டுபோய்க் குடு.”

அறுபத்தைந்தாம் ஆண்டு சீலாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. பேணாட் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த கையோடு தொல்லையும் தொடங்கியது. பிள்ளை பால் குடிக்க வாயைக் கொண்டுவரும், பிடிக்கும், ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம் வரும், வழுகிப் போகும், பிறகு கத்தும். பால் நிறைந்து சீலாவுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. காம்பெல்லாம் வெடித்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலே பயந்து பல்லைக் கடிப்பாள். பிள்ளை பகல் முழுவதும் பசியில் அழும். அதன் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

“வெய்யைக்காயப் பிதிவாதம்,” என்று சூசையர் சந்தோஷப்பட்டார். வெள்ளைக்காரப் பிடிவாதம் என்று அர்த்தம். “கப்பித்தான்ய குஞ்சு, சும்மா பாய் குதிக்குமோ?” சும்மா பால் குடிக்குமோ என்று கேட்டுவிட்டு, பட்டணத்துக்குப் போய்ப் பால்மாவுக்கு விலை கேட்டுவந்தார்.

அந்தப் பகுதிக்குப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்க வருகிற மருத்துவமாது றம்ஸியா. கிண்ணியாப் பெண். கறுப்புக் குடையும் தோல் பையுமாக வெயிலில் நடந்து வருவார். அன்று வந்து கையைக் கழுவினார். பிள்ளை குடிக்கிற விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சுண்டுவிரலை அதன் வாய்க்குள் விட்டு நாக்கை உயர்த்தினார்.

“அடியில ஒட்டியிரிக்கு. இந்தா பாருங்க, அழக்குள்ள நாக்கு மேல எழும்புதில்ல. நுனி வெற்றிலையிட அடி மாதிரி உள்ள இழுபட்டு நிக்கிது. இதால எப்பிடிப் பிடிச்சுக் குடிக்கிற?”

சூசையர் கதிரையை விட்டு எழும்பினார். “எங்கத வீத்திய எய்யாயுக்கும் இப்பிதித்தான்.”

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று அவர் சொன்னது றம்ஸியாவுக்கு உடனே விளங்கிவிட்டது. வார்த்தை விளங்கியதைவிட, அது வெளியே வந்த விதம் நன்றாக விளங்கியது.

“குறை நினைக்காதீங்க ஐயா. உங்கட நாக்கை ஒருக்கா நீட்டுங்க, பாப்பம்.”

சூசையர் நீட்டினார். அது கீழ்ப்பல்லைத் தாண்டி வரவில்லை. ஹெக்டரும் நீட்டினான். அவனுடையது உதட்டின் விளிம்பில் வந்து நின்றது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக றம்ஸியா இன்பமலரையும் நீட்டச் சொன்னார். அவருடைய நாக்கு நாடிவரைக்கும் வந்தது. மூன்று பேரும் வாசலைப் பார்த்தபடி வரிசையாக நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்து, ஏணி இரவல் கேட்பதற்கு என் அப்பா குலசிங்கம் மாஸ்டர் படலையைத் திறந்தார். ஒரு கணம் நின்றார். பிறகு படலையை மெல்லச் சாத்திக்கொண்டு திரும்பி வந்து, “அந்த வீட்டுப் பக்கம் இண்டைக்கு ஒருத்தரும் போகாதேங்கோ” என்று எங்களிடம் சொன்னார்.

றம்ஸியா விஷயத்தைச் சொன்னார். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனால் டொக்டர் அந்தத் தோலைக் கத்தரியால் மெல்ல நறுக்கிவிடுவார், கண்மூடித் திறக்க முதல் முடிந்துவிடும், பயப்பட ஒன்றும் இல்லை.

“வெத்த ஏயாது!” என்று சூசையர் சத்தம் போட்டார். “இது ஒய்யாந்தக் கப்பித்தான்ய நாக்கு!”

அதுவரைக்கும் மாமனாருக்கு எதிரே நின்று கதைத்தறியாத சீலா, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

“மாமா, கப்பித்தான் பால் குடிச்சு வளர்ந்தவரோ, சாராயம் குடிச்சு வளர்ந்தவரோ எனக்குத் தெரியாது. இவன் பால் குடிக்கோணும்.”

அடுத்த நாள் காலையில் மாமியும் மருமகளும் கோயிலுக்குப் போகிறோம் என்று பிள்ளையோடு பஸ் ஏறினார்கள். கோயிலடியில் இறங்கவில்லை. நேரே ஆசுபத்திரி. டொக்டர் ஸஹாப்தீன் பிள்ளையைத் துவாயால் சுற்றினார். நேர்ஸ் தலையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு விரலால் நாக்கை உயர்த்திச் சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு. துளி இரத்தம் வந்தது. துணியால் ஒற்றினார். குளிக்க வார்க்கும்போது கத்துகிற அளவுக்குக்கூடப் பிள்ளை கத்தவில்லை.

“இப்பவே பால் குடுங்கோ,” என்றார் டொக்டர். “அதுதான் மருந்து.”

சீலா பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். பிள்ளை பிடித்தது. டொக் சத்தம் இல்லை. என்ன வித்தியாசம் என்று முதலில் அவளுக்குத் தெரியவில்லை. தனக்கு நோகவில்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையைப் பார்த்து, பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டதாக நினைத்து வெளியே வாங்குப் பலகையில் இருந்த சனம் எல்லாம் எட்டிப் பார்த்தது.

அன்று பின்னேரம் வீடு அமைதியாக இருந்தது. சூசையருக்கு அந்த அமைதி பிடிபடவில்லை. எழும்பிப் போய்த் தொட்டிலைப் பார்த்தார். பிள்ளை கொட்டாவி விட்டது. நாக்கு மேலண்ணத்தைப் போய்த் தொட்டது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபத்தில் வீட்டில் ஒருவரோடும் கதைப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த நாட்கள் மிகவும் நிம்மதியாகப் போனதாக இன்பமலர் எங்கள் அம்மாவிடம் சொன்னார். ஆனால் பிள்ளை நன்றாகக் குடித்து, கொழுத்து, அவரைக் கண்டால் சிரிக்கவும் தொடங்கிவிட்டது. சிரிக்கிற பிள்ளையோடு எவ்வளவு காலத்துக்குக் கோபமாக இருக்கலாம்? தானே தூக்கித் தாலாட்டுப் பாட ஆரம்பித்தார். தாலாட்டு முழுக்க ‘ர’வும் ‘ரோ’வும்தானே. “ஆயாயோ, ஆயாயோ” என்று அவர் பாட, வீட்டில் ஆயா ஒருத்தியைத் தேடுகிறார்கள் என்று ஒழுங்கைக்குள் கதை வந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

பேணாட்டுக்கு நாலு வயதாயிற்று. சீலா தையல் மெசினோடும் குசினியோடும் ஓய்வில்லாமல் இருப்பாள். பெடியன் முழு நேரமும் அப்பப்பாவோடுதான். கடற்கரைக்குப் போவதும் மீன் வாங்குவதும் வள்ளங்களுக்குப் பெயர் சொல்வதும் எல்லாம் அவரோடு. பாலர் வகுப்பில் கொண்டுபோய் விட்டபோது ரீச்சர் கேட்டார்: “உங்கட பேர் என்ன ராசா?”

“பேநாத் ஹெக்தய்.”

“எங்க இருக்கிறீங்கள்?”

“உப்புவெயி.”

சீலாவுக்கு உலகம் இருண்டுவிட்டது. பிள்ளையை இழுத்துக்கொண்டு டொக்டர் ஸஹாப்தீனிடம் ஓடினாள்.

“டொக்டர், திரும்பவும் ஒட்டிப்போச்சு!”

டொக்டர் நாக்கை நீட்டச் சொன்னார். நாடி வரைக்கும் வந்தது. மேலே உயர்த்தச் சொன்னார். மூக்கைத் தொடப் போனது. “லட்டு எண்டு சொல்லும்” என்றார். “யத்து” என்றான் பெடியன்.

“நாக்கு அருமையாய் இருக்கு,” என்றார் டொக்டர். “இவர் வீட்டில ஆரோட கதைக்கிறவர்?”

சீலா பதில் சொல்ல முதல் பெடியன் சொன்னான்: “அப்பப்பாவோத.”

டொக்டர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று சீலாவுக்குத் தெரிந்தது. “அப்ப, அம்மா, வைத்தியம் அப்பப்பாவுக்குத்தான் செய்யோணும். ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

சூசையர் வர மறுத்தார். வேண்டுமென்றால் பெடியனுக்கு முன்னால் வாய் திறக்காமல் இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஒரு காலை நேரம் முழுவதும் இருந்தும் விட்டார். அப்போது முற்றத்தில் காயப்போட்டிருந்த கருவாட்டைக் காகம் கொத்திக்கொண்டு எழும்பியது. “காகம் கயுவாத்தைத் தூக்குது!” என்று அவர் கத்த, “கயுவாத்தைத் தூக்குது, கயுவாத்தைத் தூக்குது!” என்று பெடியன் வளவைச் சுற்றி ஓடினான்.

அந்த வருஷம் நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, பாலர் வகுப்பில் நாடகம் போட்டார்கள். பேணாட்டுக்கு, தேவதூதராக வருகிற சம்மனசு வேஷம் என்று சீலா வெள்ளைச் சட்டையும் தைத்து முடித்திருந்தாள். சம்மனசு ஒரே ஒரு வசனம் சொல்ல வேண்டும். ஒத்திகையில் அவன் சொன்ன வசனத்தைக் கேட்டுவிட்டு, கடைசி நேரத்தில் அவனை ஆடாக்கிவிட்டார்கள். ஆட்டுக்கு ‘மே’ என்பதைத் தவிர வேறு கதை இல்லை.

சூசையர் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் இருந்தார். வேறு ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டையோடு வந்து வசனத்தைச் சொல்லிற்று. ஆடு மூலையில் நாலு காலில் நின்றது. தன் முறை வந்ததும் மண்டபம் அதிர “மே!” என்றது. எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். சூசையரும் தட்டினார். வீட்டுக்கு வந்து, சமைத்து வைத்த கோழிக்கறியைத் தொடவில்லை.

“அவனுக்கு ஆடு நல்லாத்தானே பொருந்தினது,” என்று இன்பமலர் ஆறுதல் சொல்லப் பார்த்தார்.

“நய்யாத்தான் சொன்னவன்,” என்றார் சூசையர். “அதொந்துதான் அவனுக்குச் சயியாய் வயுது.” நன்றாகத்தான் சொன்னான், அது ஒன்றுதான் அவனுக்குச் சரியாக வருகிறது என்றுவிட்டுப் போய்ப் படுத்தார். விடிந்ததும் சேர்ட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். “சீயா, ஆசுபத்தியிக்குப் போவம்.”

டொக்டர் தகப்பனையும் மகன் ஹெக்டரையும் ஒரே நாளில் வரச் சொன்னார். இருவரும் வாங்கில் இருந்தார்கள். நேர்ஸ் ஊசியோடு போவதைப் பார்த்த ஹெக்டர், சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டேனோ தெரியாது என்று எழும்பிப் போனான். சைக்கிளும் அவனும் பின்னேரம்தான் வீட்டுக்கு வந்தார்கள். ஆகவே சூசையர் தனியாகத்தான் உள்ளே போனார். பெரிய ஆள் என்பதால் கத்தரி மட்டும் போதாது. நாக்குக்கு அடியில் விறைக்கிற ஊசி போட்டு, வெட்டி, தையலும் போட்டார்கள். இன்றைக்குக் கதைக்கவே கூடாது என்று டொக்டர் சொன்னதற்கு, “ஓம்” என்று சொல்லி முதல் ஏச்சை வாங்கினார்.

“அறுபது வருஷப் பழக்கம், ஐயா,” என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். “கட்டை அவிழ்த்துவிட்டனான், அவ்வளவுதான். நாக்குக்கு நடை நீங்கள்தான் பழக்கோணும். மேல தூக்கோணும், ரெண்டு பக்கமும் கொண்டுபோகோணும், உதட்டைச் சுற்றி நக்கோணும். விட்டால் திரும்ப இறுகிப்போம்.”

சீலா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அப்பப்பாவுக்கும் பேரனுக்கும் மேலுதட்டில் சீனிப்பாகு பூசி வாசற்படியில் இருத்திவிடுவாள். இருவரும் நாக்கை வளைத்து நக்க வேண்டும். பேணாட் ஒரே நக்கில் முடித்துவிட்டு அப்பப்பாவின் பங்கையும் கேட்பான். அவருடைய உதட்டுக்கு எறும்பு வரத் தொடங்கிய பிறகு பாகை விட்டு ஜாமுக்கு மாறினார்கள். எறும்பு ஜாமுக்கும் வந்தது. பெடியனின் கதை நத்தார் வாசம் போக முதலே திருந்திவிட்டது. அதற்குப் பிறகு அவன் அவரை விடவில்லை. “அப்பப்பா, ‘யாம்பு’ இல்ல, லாம்பு! நாக்கு நுனியை மேல வையுங்கோ” என்று விளக்கு வைக்கிற நேரமும் பிடித்து இருத்திவிடுவான்.

முதலில் வந்தது ‘ல’. ஒருநாள் இன்பமலர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருக்க, வாசலில் இருந்து “இன்பமலய்!” என்று சத்தம் கேட்டது. யாரோ வெளி ஆள் வந்திருக்கிறார் என்று சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தார். அவர்தான் நின்றார்.

“என்ன இது, ஆக்கள் கேக்க? இந்த வயசில பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு!” என்றவர் உள்ளே போய், பிறகு திரும்பி வந்து மெதுவாகக் கேட்டார்: “கடைசி எழுத்து எப்ப வரும்?”

கடைசி எழுத்து வர மாதக்கணக்கானது. வந்தபோது அளவுக்கு மிஞ்சி வந்தது. ‘ர்ர்ர்’ என்று மோட்டார் சைக்கிள் மாதிரி உருட்டிக்கொண்டு வளவுக்குள் நடப்பார், கோழிகள் வேலிக்கு அடியால் ஓடும். ‘ழ’ மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அதைச் சரியாகச் சொல்கிறவர்கள் குறைவு என்பதால் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கோயிலில் வாசகம் வாசிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ‘ர’ வருகிற இடங்களில் நின்று நிதானித்து வாசித்ததால் பூசை நீண்டது.

ஒரு சேதமும் வந்தது. கடற்கரை விடுதியில் வயதான இங்கிலாந்துத் தம்பதி ஒன்று வந்து நின்றது. தன் நாட்டு ஆட்களைக் கண்டவர் மாதிரிச் சூசையர் போய் ஆங்கிலத்தில் கதைத்தார். அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இந்தியாவில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். சூசையர் வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தார்.

“ர் வந்தோண்ண என்னை இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்கள், இன்பமலர்!”

“அங்கயிருந்து வந்த கப்பித்தான் ஆரும் இருக்கினமோ எண்டு பாருங்கோ,” என்றார் இன்பமலர்.

பிறகு அவருக்கு ஒரு வியாதி பிடித்தது. எந்தப் பிள்ளையைக் கண்டாலும் நாக்கைப் பார்க்க வேண்டும். ஊரில் பிள்ளை பிறந்தால் உடுப்போடும் சவுக்காரத்தோடும் மற்றவர்கள் போவார்கள், இவர் டோர்ச் லைற்றோடு போவார். அவர் சொல்லி ஆசுபத்திரிக்குப் போன பிள்ளைகளில் ஒன்றிரண்டுக்கு உண்மையாகவே ஒட்டு இருந்தது, வெட்டிச் சுகமானது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க ஏலாமல் போயிற்று. தன்னுடைய பேத்தி அருள்மலர் பிறந்தபோது நாக்கில் ஒன்றும் இல்லை. விட்டாரா? மேலுதட்டைத் தூக்கிப் பார்த்து, உதட்டுக்கும் பல்முரசுக்கும் நடுவில் ஒரு தோல் இருக்கிறது, அதை வெட்டியே தீரவேண்டும் என்று பிள்ளையோடு டொக்டரிடம் போனார்.

“பிள்ளை நல்லாய்ப் பால் குடிக்குதோ?” என்று கேட்டார் டொக்டர்.

“குடிக்குது.”

“தாய்க்கு நோகுதோ?”

“இல்லை.”

“அப்ப எதுக்கு வெட்டுறது? அந்தத் தோல் எல்லாருக்கும் இருக்கு ஐயா. உங்களுக்கும் இருக்கு. பாருங்கோ.” கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்தவர், டொக்டர் ஸஹாப்தீனுக்கு வயது போய்விட்டது, கை நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். டொக்டருக்கு அவருடைய வயதில் பாதி.

ஹெக்டர் கடைசி வரைக்கும் வெட்டிக்கொள்ளவில்லை. திருத்தமாகக் கதைத்தால் கடை கைமாறிப் போய்விட்டது என்று வாடிக்கையாளர் நினைப்பார்கள் என்றான். சீலா வற்புறுத்தவில்லை. வீட்டில் ஒருவராவது குறைவாகக் கதைப்பது நல்லது என்று நினைத்திருக்கலாம்.

சூசையர் எண்பதாம் ஆண்டு, ஒரு கிழமைக் காய்ச்சலில் போனார். நான் அவரைக் கடைசியாகக் கண்டது அதற்குக் கொஞ்சக் காலம் முந்தி, பட்டணத்துக்குப் போகிற பஸ்ஸில். முன் ஆசனத்தில் ஜெமீலா என்று ஓர் இளம்பெண், கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. சூசையர் எழும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “பிள்ளை, நாக்கை ஒருக்காப் பாத்தனீங்களோ?” என்று கேட்டார். தாய் பதில் சொல்ல முதல் விரல் உள்ளே போய்விட்டது.

“ஐயோ!” என்று பஸ் முழுக்கக் கேட்டது.

“அதுக்கு நாக்கு நல்லா இரிக்கு, அப்பா,” என்றாள் ஜெமீலா, பிள்ளையை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு. “பல்லு முளைக்கிறதால அழுகிது.”

சூசையர் விரலை ஊதிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

“நல்ல பிடி,” என்றார் திருப்தியோடு. “அந்தப் பிள்ளை பால் குடிக்கும்.”